ஆத்தாவின் பித்தப்பைக் கல்லும் லேப்ராஸ்கோப்பியும்: ஒரு மயக்க மருத்துவரின் பதில்

கோட்டையூர்க்காரத் தம்பி ஒருவர் சிங்கப்பூரிலிருந்து கேட்டிருக்கிறார். அவர் ஆத்தாவுக்கு 62 வயது, சர்க்கரையும் பிரஷரும் உண்டு. மூன்று மாதத்துக்குள் இரண்டு தடவை, கல்யாண வீட்டில் சாப்பிட்டுவிட்டு வந்த இரவில், வலது மேல்வயிற்றில் தாங்க முடியாத வலி. காரைக்குடியில் ஸ்கேன் எடுத்ததில் பித்தப்பையில் கற்கள். 'லேப்ராஸ்கோப்பியில், அதாவது வயிற்றில் சின்னத் துளைகள் போட்டு உள்ளே கேமரா விட்டு, பித்தப்பையை எடுத்துவிடலாம், இரண்டு நாளில் வீட்டுக்குப் போகலாம்' என்கிறார் சர்ஜன். வாழைத்தண்டுச் சாறு குடித்தால் கரைந்துவிடும் என்கிறார் அயித்தை. மதுரைக்குக் கூட்டிப்போ என்கிறார் அம்மான். தம்பிக்கு லீவு அடுத்த மாதம்தான், அதுவரை தள்ளலாமா என்று கேட்கிறார். போகிற போக்கில் அம்மானின் குடலிறக்கத்துக்கும் இதே மாதிரி துளை போட்டுச் செய்யலாமா என்று ஒரு கேள்வி.

நான் மயக்க மருத்துவர். சர்ஜன் டிவி திரையைப் பார்த்து வேலை செய்யும்போது நோயாளியின் தலைமாட்டில் உட்கார்ந்து மூச்சையும் நாடியையும் பார்த்துக்கொண்டிருப்பது என் வேலை. அந்த இடத்திலிருந்து எனக்குத் தெரிவதைச் சொல்கிறேன். முதலில் ஒன்று: லேப்ராஸ்கோப்பியில் சின்னதாக ஆவது வெளிக்காயம் மட்டும்தான். உள்ளே நடப்பது பழைய ஆபரேஷனேதான், வெட்டும் இடமும் எடுக்கும் உறுப்பும் அதேதான். 'சும்மா ரெண்டு ஓட்டைதானே' என்று நினைத்து வருகிறவர்களும், வயிற்றில் கை வைத்தாலே ஆபத்து என்று பயந்து நாளைக் கடத்துகிறவர்களும் இதை மனதில் வைத்துக்கொண்டால் முடிவெடுப்பது சுலபம்.

ஸ்கேன் ரிப்போர்ட்டை அனுப்பியிருந்தது நல்லதாய்ப் போயிற்று. 'பித்தப்பையில் பல கற்கள், பெரியது 14 மி.மீ., சுவர் தடிப்பு இல்லை, பொதுப் பித்தநாளம் 5 மி.மீ.' என்று போட்டிருக்கிறது. பொதுப் பித்தநாளம் என்பது பித்தநீரைக் குடலுக்குக் கொண்டுபோகும் குழாய். எல்லோர் கண்ணும் அந்த 14-இல்தான் போய் நிற்கும். எனக்கு முக்கியம் கடைசி இரண்டு விஷயங்கள். சுவர் தடிக்கவில்லை என்றால் இப்போதைக்கு அழற்சி இல்லை, கத்தி வைக்க நல்ல நேரம். பொதுப் பித்தநாளம் 6 மி.மீ.க்குள் இருக்கிறது என்றால், அதற்குள் கல் இறங்கி அடைத்திருக்க வாய்ப்புக் குறைவு. இதோடு ரத்தத்தில் காமாலையைக் காட்டும் பிலிருபினும் மற்ற கல்லீரல் பரிசோதனைகளும் சரியாக இருந்தால் இது நேரான கேஸ். அவற்றில் ஏதாவது ஏறியிருந்தால் எம்ஆர்சிபி ஸ்கேன் எடுத்துப் பித்தநாளத்தைப் பார்க்காமல் தியேட்டருக்குள் போகக் கூடாது. நாளத்தில் கல் இருந்தால் பெரும்பாலும் வாய் வழியாகக் குழாய் விட்டு இஆர்சிபி முறையில் அதை எடுத்துவிட்டு, அப்புறம் பித்தப்பைக்கு வருவார்கள்.

'பல கற்கள்' என்ற சொல்லையும் கவனியுங்கள். பெரிய கல் பித்தப்பையின் வாயில் போய் அடைத்து வலி தரும். சின்னக் கல்லோ நழுவி நாளத்துக்குள் இறங்கிவிடும். அங்கே போய் மாட்டினால் மஞ்சள் காமாலை, இல்லையென்றால் கணைய அழற்சி. கணையம் வீங்கினால் சிலர் தீவிர சிகிச்சைப் பிரிவில் வாரக்கணக்கில் கிடக்க நேரும். அதனால் 'சின்னக் கல்தானே' என்று ஆறுதல் சொல்கிறவரை நம்ப வேண்டாம்.

அயித்தையின் வாழைத்தண்டுக்கு வருவோம். அவர் சொல்வது சிறுநீரகக் கல்லை மனதில் வைத்து. அது சிறுநீரில் உண்டாவது, நிறையத் தண்ணீர் குடித்தால் சின்னதாக இருப்பது வெளியேறவும் செய்யும். பித்தப்பைக் கல் பித்தநீரில் உண்டாவது, பெரும்பாலும் கொழுப்பு. குடிக்கிற சாறு பித்தப்பைக்குள் போகவே போகாது. ஆலிவ் எண்ணெயும் எலுமிச்சைச் சாறும் குடித்தால் மறுநாள் பச்சைப் பச்சையாகக் கல் வெளியேறும் என்று வாட்ஸ்ஆப்பில் ஒன்று சுற்றுகிறது. வெளியேறுவது அந்த எண்ணெயே குடலில் சோப்பு மாதிரித் திரண்ட உருண்டை. கல் உள்ளே அப்படியே இருக்கும். மாத்திரை ஒன்று உண்மையாகவே உண்டு, அர்சோடியாக்ஸிகோலிக் அமிலம். சின்ன கொழுப்புக் கற்களை மட்டும், மாதக்கணக்கில் எடுத்துக்கொண்டால் கரைக்கலாம். நிறுத்திய ஐந்து வருடத்துக்குள் ஏறத்தாழ பாதிப் பேருக்குக் கல் திரும்ப வந்துவிடும். 14 மி.மீ.க்கு அது வேலைக்கு ஆகாது.

கல்லை மட்டும் எடுத்துவிட்டுப் பையை விட்டுவைக்கலாமே என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் கல் உண்டாக்குவதே அந்தப் பை, விட்டுவைத்தால் மறுபடி உண்டாக்கும். பித்தநீரைச் சுரப்பது கல்லீரல். பித்தப்பை அதில் ஒரு 30 முதல் 50 மில்லி வரை சேர்த்து வைத்துக்கொள்ளும், அவ்வளவுதான். அது போனால் பித்தநீர் நேராகக் குடலுக்குச் சொட்டிக்கொண்டிருக்கும், சாப்பாடு செரிக்கும்.

இன்னொரு பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். வேறு எதற்கோ ஸ்கேன் எடுக்கும்போது தற்செயலாகக் கல் தெரிந்து, ஒருநாள்கூட வலி வந்ததில்லை என்றால், பொதுவாக ஆபரேஷன் தேவையில்லை. அப்படிப்பட்டவர்களில் பெரும்பாலானவர்களுக்குக் கடைசிவரை ஒன்றும் செய்யாது. சர்க்கரை இருக்கிறது என்பதற்காக மட்டும் எடுப்பதும் இப்போது வழக்கமில்லை. 3 செ.மீ.க்கு மேற்பட்ட கல், பித்தப்பைச் சுவரில் சுண்ணாம்பு படிவது, 1 செ.மீ.க்கு மேல் வளர்ந்த பாலிப் (உள்சுவரில் வளரும் சதை) போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. வலியே இல்லாத கல்லுக்கு 'உடனே எடு' என்று யாராவது அவசரப்படுத்தினால் இன்னொரு டாக்டரிடம் கேளுங்கள். உங்கள் ஆத்தா கதை வேறு. இரண்டு தடவை வந்துவிட்டது, மூன்றாவது வரும்.

அந்த இரண்டு தடவையும் என்ன நடந்திருக்கும் என்று ஊகிக்கலாம். நெய்யும் எண்ணெயும் குடலுக்குள் இறங்கியதும் ஒரு ஹார்மோன் சுரந்து பித்தப்பையைச் சுருங்கச் சொல்லும். பையின் வாயில் கல் அடைத்திருந்தால் அது சுருங்கிச் சுருங்கி வலிக்கும். வலி வலது தோள்பட்டைக்கும் முதுகுக்கும் பரவும், அரைமணியிலிருந்து நாலைந்து மணிநேரம் நின்று, கல் நகர்ந்ததும் விட்டுவிடும். விட்டதும் 'வாயுதான், ஓமத்தண்ணி கேட்டுச்சு' என்பார்கள். செட்டிநாட்டுச் சமையலின் காரம்தான் கல்லுக்குக் காரணம் என்று ஊரில் ஒரு பேச்சு இருக்கிறது, பாவம் அந்த மிளகாய். காரத்துக்கும் கல்லுக்கும் சம்பந்தமில்லை. வலியைக் கிளப்புவது கந்தரப்பமும் நெய் சொட்டுகிற கும்மாயமும். கல் உண்டாவதற்கு வயது, பெண்ணாக இருப்பது, உடல் பருமன், சர்க்கரை, சட்டென்று எடை குறைவது இவையெல்லாம் சேர்ந்து வேலை செய்கின்றன.

இந்த இடத்தில் ஒரு விஷயம். அறுபது தாண்டி, சர்க்கரையும் உள்ள ஒருவருக்கு மேல்வயிற்று வலி வந்தால் அது மாரடைப்பாகவும் இருக்கலாம். ஸ்கேனில் கல் இருக்கிறது என்று தெரிந்த பிறகும், அடுத்த தடவை வலி வரும்போது முதலில் ஒரு ஈசிஜி எடுத்துவிடச் சொல்லுங்கள். ஐந்து நிமிட வேலை.

இனி ஆபரேஷன். பித்தப்பையை முதன்முதலில் வெட்டி எடுத்தவர் பெர்லினில் கார்ல் லாங்கென்பூக், 1882-இல். அதற்கப்புறம் நூறு வருடம் வலது விலாவுக்குக் கீழே சாய்வாக ஒரு பெரிய கீறல்தான் வழி. 1985-இல் ஜெர்மனியில் எரிக் மூஹே லேப்ராஸ்கோப்பியில் எடுத்துக் காட்டியபோது அவர் நாட்டு சர்ஜன்களே அவரைக் கேலி செய்தார்கள். 1987-இல் பிரான்ஸில் பிலிப் மூரே செய்த பிறகுதான் வேகமாகப் பரவியது. இந்தியாவில் 1990-இல் மும்பையில் டெஹம்டன் உத்வாடியா தொடங்கினார், தமிழ்நாட்டில் கோயம்புத்தூரின் டாக்டர் சி. பழனிவேலு முன்னோடி. இன்று காரைக்குடியில் செய்கிற அளவுக்குச் சாதாரணமாகிவிட்டது.

பெரிய கீறலைத் தவிர்ப்பதில் அழகு ஒரு பொருட்டே இல்லை. என் கவலை மூச்சு. விலாவுக்கடியில் வெட்டுப்பட்ட நோயாளி வலி காரணமாக ஆழமாக மூச்சு இழுக்க மாட்டார், இரும மாட்டார். நுரையீரலின் அடிப்பகுதி சுருங்கிச் சளி தேங்கும், மூன்றாம் நாள் காய்ச்சல், வயதானவர்களுக்கு அது நிமோனியாவில் முடியும். துளை வழியாகச் செய்துகொண்டவர் அன்று மாலையே எழுந்து நடக்கிறார், இருமுகிறார். லேப்ராஸ்கோப்பியின் பெரிய லாபம் இதுதான்.

உள்ளே நடப்பது இது. முழு மயக்கம் கொடுத்து, தொண்டையில் குழாய் வைத்து, மெஷின் மூச்சு விடும். தொப்புள் அருகே 10 மி.மீ. துளை ஒன்று, நெஞ்சுக்குழிக்குக் கீழே ஒன்று, வலது பக்கம் 5 மி.மீ. அளவில் இரண்டு. வயிற்றுக்குள் கார்பன் டை ஆக்சைடு ஏற்றுவார்கள், வயிற்றுச் சுவர் பந்தல் போல மேலே எழும்பி நிற்கும். காற்றை ஏற்றாமல் இந்த வாயுவை ஏற்றக் காரணம், சூடு வைக்கும் கருவி உள்ளே வேலை செய்யும்போது இது தீப்பிடிக்காது, ரத்தத்தில் சீக்கிரம் கரைந்து மூச்சு வழியாகவே போய்விடும். அழுத்தம் 12 முதல் 15 மி.மீ. பாதரசம் வரை. வாயு ஏறத் தொடங்கும் முதல் நிமிடங்களில் நான் யாரோடும் பேச மாட்டேன். வயிற்றின் உள்சவ்வு இழுபடும்போது சிலருக்கு நாடி சட்டென்று 40-க்கு விழும். உடனே வாயுவை நிறுத்தச் சொல்லி, அட்ரோபின் போட்டால் ஏறிவிடும். தொடர்ந்து ரத்தத்தில் சேரும் கார்பன் டை ஆக்சைடுக்கு ஏற்ப மூச்சைக் கூட்டி வைக்க வேண்டும். இதயமோ நுரையீரலோ பலவீனமாக இருந்தால் இந்தச் சுமை அவர்களுக்குத் தெரியும். அதனால்தான் எக்கோ எடு, எக்ஸ்ரே எடு என்று நாங்கள் நச்சரிப்பது.

சர்ஜனின் சோதனை அடுத்து வருகிறது. பித்தப்பையின் கழுத்தருகே கொழுப்பை விலக்கி, பையிலிருந்து வரும் குழாய் ஒன்று, ரத்தக்குழாய் ஒன்று, இரண்டு மட்டும்தான் பைக்குள் போகின்றன என்று கண்ணால் பார்த்த பிறகே டைட்டானியம் கிளிப் போட்டு வெட்ட வேண்டும். அவசரப்பட்டுப் பொதுப் பித்தநாளத்தை வெட்டிவிட்டால் அது பெரிய துன்பம், சரிசெய்ய இன்னொரு பெரிய ஆபரேஷன் தேவைப்படும். உலகளவில் ஆயிரத்தில் மூன்று முதல் ஐந்து பேருக்கு இந்தக் காயம் நேர்வதாகச் சொல்வார்கள். எனக்குப் பிடித்த சர்ஜன், அந்த இடத்தில் கையை நிறுத்திவிட்டு, 'சிஸ்டர், கொஞ்சம் கேமராவைத் திருப்புங்க' என்று பின்பக்கத்தையும் பார்க்கிறவர். வேகமாக முடிக்கிறவர் என்று பேர் வாங்கியவரைவிட அவரிடம் என் வீட்டாரை அனுப்புவேன். பிறகு பையைக் கல்லீரலிலிருந்து பிரித்து, ஒரு சின்ன பிளாஸ்டிக் பைக்குள் போட்டுத் துளை வழியாக வெளியே எடுப்பார்கள். கிளிப் உடம்பிலேயே இருக்கும், பின்னாளில் எம்ஆர்ஐ எடுக்க அது தடையில்லை.

ஒட்டிக்கொண்டு பாதை தெரியாவிட்டால் வயிற்றைத் திறந்து செய்வார்கள். ஒப்புதல் படிவத்தில் அதுவும் இருக்கும், கையெழுத்துப் போடும் முன் படித்துக்கொள்ளுங்கள். தோற்றுப்போய்த் திறந்தார் என்று சர்ஜனைப் பேசாதீர்கள். தெரியாத இடத்தில் வெட்டாமல் திறந்தாரே என்று நிம்மதிப்படுங்கள்.

அம்மானின் குடலிறக்கத்துக்கு இதே கணக்கு நேர்மாறாக வரும். லேப்ராஸ்கோப்பிக்குப் பெரும்பாலும் முழு மயக்கம் வேண்டும். வலை வைத்துத் தைக்கிற திறந்த முறையை முதுகில் ஊசி போட்டோ, அந்த இடத்தை மட்டும் மரத்துப்போக வைத்தோ முடிக்கலாம். இரண்டு பக்கமும் இறங்கியிருந்தாலோ, ஒருமுறை செய்து திரும்ப வந்திருந்தாலோ லேப்ராஸ்கோப்பி நல்லது. எழுபது தாண்டி, சுருட்டுப் பிடித்து நெஞ்சு கெட்டவராக இருந்தால் நான் திறந்த முறைக்குத்தான் கை தூக்குவேன்.

மதுரையா, காரைக்குடியா? நேரான கேஸுக்கு 90 கி.மீ. போக வேண்டியதில்லை. இந்த ஆபரேஷனை வாரம் தவறாமல் செய்கிற சர்ஜன், தனி மயக்க மருத்துவர், ரத்தம் கிடைக்க வழி, இரவில் அழைத்தால் வருகிற டாக்டர், இவை இருந்தால் வீட்டுக்கு அருகிலேயே செய்யலாம். ஆபரேஷன் முடிந்து மூன்றாம் நாள் வயிறு வலித்தால் பத்து நிமிடத்தில் அதே டாக்டரிடம் போக முடிவது சின்ன விஷயமில்லை. மஞ்சள் காமாலை, பித்தநாளக் கல், கணைய அழற்சி, பலவீனமான இதயம் இவற்றில் ஒன்று இருந்தால் யோசிக்காமல் மதுரைக்கோ திருச்சிக்கோ போங்கள். செலவைப் பொறுத்தவரை, முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்ட அட்டைக்குக் குடும்ப ஆண்டு வருமானத்தில் ஒரு வரம்பு உண்டு. தனியார் பாலிசி என்றால் எடுத்த தேதியைப் பாருங்கள், பல பாலிசிகளில் பித்தப்பைக் கல்லுக்கு இரண்டு வருடக் காத்திருப்பு உண்டு.

லீவு வரை தள்ளலாமா என்றால், இரத்தப் பரிசோதனைகள் சரியாக இருக்கும் பட்சத்தில் ஒரு மாதம் தள்ளலாம், அதற்கு மேல் வேண்டாம். அந்த மாதத்தில் சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவாருங்கள், நெய்ப் பலகாரங்களை நிறுத்துங்கள். ஆனால் காய்ச்சலோடு வலி, ஆறு மணிநேரத்துக்கு மேல் விடாத வலி, கண் மஞ்சள், சிறுநீர் கடும் மஞ்சள், முதுகைத் துளைக்கும் வலியோடு வாந்தி, இதில் எது வந்தாலும் உங்கள் விமான டிக்கெட்டுக்காகக் காத்திருக்கக் கூடாது. அழற்சி வந்துவிட்டால் ஆறு வாரம் ஆறப்போட்டுச் செய்வது பழைய வழக்கம், இப்போது முடிந்தால் முதல் மூன்று நாளுக்குள்ளேயே எடுத்துவிடுகிறார்கள். அவ்வளவு பெரிய வீட்டில் ஆத்தா தனியாக இருக்கிறார் என்றீர்கள். ராத்திரி இரண்டு மணிக்கு யார் கார் எடுப்பார்கள் என்பதை இன்றைக்கே பேசி வையுங்கள்.

என் பங்குக்குச் சில. சர்க்கரை மாத்திரைகளில் பெயர் 'கிளிஃப்ளோசின்' என்று முடிகிறதா பாருங்கள். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்றவற்றை மூன்று நாள் முன்பே நிறுத்த வேண்டியிருக்கும். இல்லாவிட்டால் சர்க்கரை அளவு சாதாரணமாகக் காட்டும்போதே ரத்தம் அமிலமாகும் ஆபத்து உண்டு. ரத்தம் உறையாமல் இருக்க ஏதாவது சாப்பிட்டால் அதை நீங்களாக நிறுத்தாமல் இதய மருத்துவரைக் கேளுங்கள். ஆபரேஷனுக்கு ஆறு மணிநேரம் முன்பிலிருந்து சாப்பாடு கூடாது, வெறும் தண்ணீர் இரண்டு மணிநேரம் முன்பு வரை குடிக்கலாம். 'ஒண்ணும் சாப்பிடலை, ஒரு வாய் காபி மட்டும்' என்று தியேட்டர் வாசலில் சொல்கிற ஆச்சிகளை நிறையப் பார்த்திருக்கிறேன். பால் சேர்ந்த காபி எங்கள் கணக்கில் சாப்பாடுதான், அன்றைக்கு ஆபரேஷன் தள்ளிப்போகும். கட்டுப்பல், ஆடும் பல் இருந்தால் சொல்லிவிட வேண்டும். வெற்றிலை பாக்கு பழக்கத்தால் வாய் முழுதாகத் திறக்காவிட்டால் அதையும் முன்கூட்டியே காட்டுங்கள், தொண்டையில் குழாய் வைப்பவர் நான். மூக்குத்தி, தோடு, மெட்டியை வீட்டிலேயே கழற்றிவிட்டு வரட்டும். தாலியைக் கழற்ற மனமில்லை என்றால் மஞ்சள் கயிற்றில் கோத்துக்கொண்டு வரச் சொல்வோம்.

விழித்ததும் 'வயித்துல பண்ணிட்டு தோள் ஏன் வலிக்குது' என்று கேட்பார். மிச்சமிருக்கும் வாயு உதரவிதானத்தை உறுத்துவதால் அது தோளில் தெரியும், எழுந்து நடந்தால் இரண்டு மூன்று நாளில் போய்விடும். அன்று மாலை தண்ணீர், மறுநாள் இட்லி. முதல் சில வாரம் எண்ணெய்ச் சாப்பாட்டுக்கு வயிறு இளகலாம், அப்புறம் பழகிவிடும். ஆயுசுக்கும் பத்தியம் எதுவும் கிடையாது, சர்க்கரைக்கான கட்டுப்பாடு வேறு கதை. தண்ணீர்க் குடம் தூக்குவதை ஒரு மாதத்துக்குத் தடுங்கள், இல்லாவிட்டால் தொப்புள் துளையில் குடலிறக்கம் வரலாம்.

வீடு வந்த பிறகு வலி நாளுக்கு நாள் குறைய வேண்டும். கூடினால், வயிறு உப்பினால், காய்ச்சலோ மஞ்சளோ தெரிந்தால், வாந்தி நிற்காவிட்டால் அன்றே திரும்பப் போக வேண்டும். பித்தநீர் கசிவு பெரும்பாலும் முதல் வாரத்தில்தான் தெரியும். அதனால் லீவை ஆபரேஷனுக்கு அப்புறம் பத்து நாளாவது இருக்கிற மாதிரி போடுங்கள். எடுத்த பித்தப்பையை பயாப்சிக்கு அனுப்பினார்களா என்று கேட்டு, அந்த ரிப்போர்ட்டைக் கையில் வாங்கி சர்ஜனிடம் காட்டிவிட்டு விமானம் ஏறுங்கள்.